மூழ்கிய கப்பலும் விசை ஸ்கூட்டரும்

1942-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், லம்போக் ஜலசந்திக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு இலக்காகி, பாலித் தீவின் துலம்பென் கரையில் ஏற்றிவிடப்பட்டு, 21 வருஷம் அங்கேயே கிடந்து, 1963-ல் ஆகுங் எரிமலை சீறியபோது கடலுக்குள் சரிந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலான ‘லிபர்ட்டி’, கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கிச் சிறிது தூரம் நீந்திய மாத்திரத்தில் காணத்தக்க அபூர்வக் காட்சியாக இன்று விளங்குகிறது. முக்குளிப்போரின் கனத்த காற்று உருளைகளைத் தலையில் சுமந்து அக்கரையோடு நடக்கும் கிராமத்துப் பெண்களின் உழைப்பின்மேல்தான் அங்கே வரும் யாத்திரிகரின் ஆனந்தம் நிற்கிறது என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க என் மனம் ஒப்பவில்லை.

மின்கலத்தால் சுழலும் விசிறியைப் பூண்டு, முக்குளிப்பவரை இழுத்துச் செல்லும் ஸ்கூட்டர் இவ்விடத்தில் அவசியந்தானா? வேறிடங்களில் கரைக்கு வெகுதூரத்தில் கிடக்கும் கப்பலைப் படகின் துணையின்றி அடைவதற்கு அது பெரும் உபகாரமே; கால்கள் ஓய்ந்திருப்பதால் சுவாசம் நிதானப்பட்டு, உருளைக் காற்றும் நெடுநேரம் வரும். ஆயினும், நடுவழியில் மின்கலம் தீர்ந்தாலும் எஞ்சிய காற்றைக் கொண்டு நீந்தித் திரும்பக்கூடிய தூரத்துக்கு அப்பால் எவரும் போகலாகாது என்பதும், பவளம் படர்ந்த இரும்புச் சட்டங்களை நெருங்கியதும் விசையை நிறுத்திவிட வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். விசிறி கிளப்பும் கருமணல் பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சடைக்கச் செய்யும். துலம்பெனுக்கோ காலில் பூட்டிய துடுப்பே போதும்.