தமிழிலக்கணம் அறியாதார் ஆங்கிலம் கற்பித்தல் ஆகுமா?

“ஆங்கிலம் நன்கு வரவேண்டுமாயின் ஆங்கில வழியிலேயே பயிலல் வேண்டும்” என்னும் கூற்று தமிழ்நாட்டுப் பெற்றோர் நெஞ்சில் ஆழ வேரூன்றிவிட்டது. கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சிற்றூர்களிற்கூட, நெல் விற்ற பணத்தையும் நகையை ஈடுவைத்த பணத்தையும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குக் கட்டணமாகக் கொட்டுவோர் பலர். 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஒரு மயக்கம். ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழியின் வழியாகப் பிற பாடங்களைக் கற்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அம்மயக்கம்.

ஆங்கிலப் பாடம் எவ்வாறு நடந்தால் நமக்கென்ன என்று தமிழன்பர் சிலர் வினவலாம். அவ்வாறு வாளாவிருத்தல் தகாது. தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் செம்மையாக நடந்திருப்பின், ஆங்கிலவழிப் பள்ளி என்னும் வாணிகத்திற்கே இடமிருந்திராது. நம் பிள்ளை ஆறாண்டு ஆங்கிலம் பயின்றும் ஒரு சொற்றொடரைத் தானே அமைக்க இயலாது நிற்கும்போதுதான், பெற்றோர் தமிழ்வழியைக் குறைகூறி வெளியேறுகின்றனர். குறை தமிழ்வழியில் இல்லை. ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் உள்ளது. தனித்தமிழ்த் தொண்டைத் தொடங்கிய மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் நூலெழுதியவர். மொழிஞாயிறு பாவாணர் தமிழின் தொன்மையை உலகிற்கு உணர்த்த 1966இல் ஆங்கிலத்திலேயே ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர்கள் ஆங்கிலத்தைக் கருவியாகக் கொண்டனர். அதற்குத் தம்மைக் கருவியாக்கினாரல்லர்.

இனி, கற்பிக்கும் முறையில் உள்ள குறைதான் யாது? மாணவனை வெறுங்கலம் என்று கருதுவதே முதற் குறை. ஆங்கில வகுப்பில் முதன்முதல் அமரும் குழந்தை, மொழியென்பதொன்று அறியாது வந்ததன்று. ஒரு முழுமொழியின் ஒலியொழுங்கும் சொல்லொழுங்கும் தொடரொழுங்கும் அதன் நாவிலும் செவியிலும் முன்னரே அமைந்துள்ளன. புதுமொழியை அக்குழந்தை அவ்வமைப்பின் வழியாகவே கேட்கும். அவ்வமைப்பின் வழியாகவே பேசும். அவ்வமைப்பை அறியாத ஆசிரியர், நோய் முதல் நாடாது மருந்தூட்டும் மருத்துவரை ஒப்பர்.

ஒலியை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. எழுதுவது ஒரே ககரம்; ஒலிப்பதோ மூன்று வகை. இரட்டிக்கும்போது வல்லோசை, மெல்லினத்தை அடுத்து அதிர்வோசை, உயிரிடைப்பட்டு நெகிழ்வோசை. எவ்விடத்து எவ்வோசை என்பதை இடமே உறுதிசெய்துவிடுதலின், தமிழனுக்குத் தனித்தனி எழுத்து வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ சொல்லின் முதலிலேயே இவ்வேறுபாடு பொருளை மாற்றும். மேற்சட்டையைக் குறிக்கும் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் முதலொலியின் அதிர்வால் வேறுபடுவன. தமிழ்க் குழந்தை இரண்டையும் ‘கோட்டு’ என்றே ஒலிக்கும். “உனக்கு வாய் திரும்பவில்லை” என்று ஆசிரியர் கடிவார். அஃது உண்மையன்று. அவ்வதிர்வோசை ‘பங்கு’ என்னும்போது அக்குழந்தையின் வாயில் நாள்தோறும் பிறக்கின்றது. அதனைச் சொல்லின் முதலில் வைத்துப் பழகாமையே குறை. ‘பங்கு’ என்பதன் ஈற்றோசையை மட்டும் நீட்டி நிறுத்திச் சொல்லச் செய்து, பின்னர் அவ்வோசையையே முதலாகக் கொண்டு சொல்லைத் தொடங்கச் செய்தால் வழி பிறக்கும். இதனைச் செய்வதற்கு ஆங்கிலப் புலமை மட்டும் போதாது. தமிழ் ஒலியியல் தெரிதல் வேண்டும்.

அவ்வாறே, தமிழ்ச்சொல் இரண்டு மெய்யொலிகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்குவதில்லை. ஆகவே பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் குழந்தையின் வாயில் ‘இசுகூல்’ என்று இகரம் பெற்று வருகின்றது. இஃது அறியாமையன்று, தமிழின் ஒழுங்கு தொழிற்படும் முறை. ஆங்கிலத்தார் நுனிநாவை மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றில் ஒற்றி ஒலிக்கும் ஒலி, நம் தகரத்திற்கும் டகரத்திற்கும் இடைப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழர் ‘வெற்றி’ என்பதிலுள்ள றகர இரட்டையை இன்றும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே ஒலிக்கின்றனர். நாவும் பல்லும் அண்ணமும் எவ்வாறு பொருந்தி எவ்வொலி பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்து உரைத்தார். அவ்வியலைக் கற்ற ஆசிரியர்க்கு ஆங்கில ஒலிப்பு நூல் புதுமையாகத் தோன்றாது.

தொடரமைப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. ‘புலி மானைக் கொன்றது’ என்றாலும் ‘மானைப் புலி கொன்றது’ என்றாலும் இறந்தது மானே. ஐகார உருபு அதனைக் காத்து நிற்கின்றது. ஆங்கிலத்தில் உருபு இல்லை, இடமே உருபு. இடம் மாறினால் மான் புலியைக் கொன்றுவிடும்! இவ்வொன்றைத் தமிழில் எடுத்துக்காட்டி விளக்கினால் ஒரே வகுப்பில் தெளிவாகும். விளக்காது விட்டால் ஐந்தாண்டு மனப்பாடத்திலும் தெளிவாகாது. ‘கடலூரில்’, ‘திங்கட்கிழமையில்’, ‘சுவரில்’ என்னும் மூன்றிற்கும் தமிழில் ‘இல்’ ஒன்றே. ஆங்கிலத்திலோ வெவ்வேறு சொற்கள், அவையும் பெயர்க்கு முன் நிற்பன. ‘எனக்குத் தம்பி உண்டு’ என்னும் தமிழ்க்கட்டு ஆங்கிலத்தில் ‘நான் தம்பியை உடையேன்’ என்பது போன்று திரும்பும். ‘வந்தேன்’ என்னும் ஒரு சொல்லே தமிழில் முழுத்தொடர்; ஆங்கில வினையில் வந்தவர் யாரென்று காட்டும் விகுதி இன்மையால் எழுவாயை விடுதல் இயலாது.

பெயர்க்கு முன் ஆங்கிலத்தார் இடும் சுட்டடைகளை நம் மாணாக்கர் விட்டுவிடுகின்றனர் என்பது பெருங்குறையாகக் கூறப்படும். ஆயின் பாட்டி கதையை நினைத்துப் பார்க்க: ‘ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான், அந்த அரசனுக்கு மூன்று மக்கள்.’ புதிதாக வருவதற்கு ‘ஓர்’, அறிந்ததற்கு ‘அந்த’. ஆங்கிலத்தின் இரு சுட்டடைகளின் அடிப்படையும் இதுவே. தமிழ் இதனை வேண்டுமிடத்துக் கொள்ளும். ஆங்கிலம் எங்கும் வற்புறுத்தும். குழந்தை முன்னரே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவதைவிட எளிய வழி வேறு யாது?

எல்லாப் பிழைக்கும் தமிழே கரணியம் என்று கொள்ளுதலும் தவறாம். 1957இல் இராபர்ட்டு இலாடோ என்னும் அமெரிக்க அறிஞர், இருமொழிகளை ஒப்பிட்டு இடர்ப்பாடுகளை முன்னறியலாம் என்று நூலெழுதினார். 1967இல் பிட்டு கார்டர் என்பார், மாணவர் பிழை வெறுங்குற்றமன்று, அவர் தமக்குள் ஓர் ஒழுங்கை அமைத்து வருவதன் அடையாளம் என்று காட்டினார். 1972இல் இலாரி செலிங்கர் அவ்வொழுங்கிற்கு ‘இடைமொழி’ என்று பெயரிட்டார். படர்க்கை ஒருமை நிகழ்கால வினையில் ஆங்கிலத்தார் சேர்க்கும் விகுதியை, எம்மொழிக் குழந்தையும் காலந்தாழ்த்தே கைக்கொள்கின்றது என்பதும் அக்கால ஆய்வுகளாற் புலப்பட்டது. எனவே எப்பிழை தாய்மொழியால் வந்தது, எப்பிழை வளர்ச்சியின் படி என்று பிரித்தறிதல் ஆசிரியர் கடன். பிரித்தறியாதவர் கையிலுள்ள சிவப்பு மை, குழந்தையின் நாவைக் கட்டிவிடும். பிழைபட்டுவிடுமோ என்று வாய்திறவாத மாணவன் எம்மொழியையும் கற்கப்போவதில்லை.

இவ்வறிவு நமக்குத் தொலைவில் இருந்ததன்று. சிதம்பரம் அண்ணாமலைநகரிலேயே மொழியியல் துறை அமைந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் பின்னர் ச. அகத்தியலிங்கனாரும் அதற்குத் தலைமை தாங்கினர். பழங்குடி மக்கள் மொழிகள் பலவற்றிற்கு அங்கே இலக்கணம் வரையப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை பணியாற்றிய பாவாணர் வண்ணனை மொழிநூலாரொடு கொண்ட மாறுபாடு அன்பர்கள் அறிந்ததே. அம்மாறுபாடு சொற்பிறப்பையும் தமிழின் தொன்மையையும் பற்றியது; ஒலிப்பு விளக்கமும் இலக்கண ஒப்பீடும் வகுப்பறைக்குப் பயன்படும் என்பதற்கு அது தடையாகாது. வருத்தம் யாதெனின், அண்ணாமலைநகரில் விளைந்த அறிவு முப்பது கல் தொலைவிலுள்ள கடலூர்ப் பள்ளிகளின் கரும்பலகைக்கு வந்து சேராமையே.

கடலூர்க்கு வேறொரு பெருமையும் உண்டு. 1950களின் இறுதி முதல் தமிழ்நாட்டில் ஆங்கிலம், தொடரமைப்புகளை வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறையிற் கற்பிக்கப்பட்டது. அதில் நிறைவுகொள்ளாத என். எசு. பிரபு என்னும் அறிஞர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஒரு புதுமுறையை நடத்திப் பார்த்தார். இலக்கண வரிசை இல்லை; தொடர்வண்டி நேரப்பட்டியையும் ஊர் வரைபடத்தையும் கையில் கொடுத்து, வினாக்களை எழுப்பி, விடை காணச் செய்தல். உள்ளம் பொருளில் ஊன்றியிருக்க, இலக்கணம் தானே படியும் என்பது அவர் கொள்கை. வகுப்பிற் பாதிப்பேரேனும் பணியிற் பாதியையேனும் சரியாக முடிக்கும் அளவிற்கே பணி கடினமாதல் வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். 1984இல் அதனை மதிப்பிட்ட பெரெட்டா, டேவீசு என்னும் இருவர், தொடரமைப்புத் தேர்வில் பழைய முறையினரும், பணித்தேர்வில் புதுமுறையினரும் முந்தியதைக் கண்டு, பிரபுவின் கொள்கைக்கு ஓரளவு வலுவுண்டு என்றே முடிவு கூறினர். இன்று உலகெங்கும் பேசப்படும் பணிவழிக் கற்பித்தலுக்கு இம்முயற்சி முன்னோடி. கடலூரில் வேர்விட்டது வெளிநாட்டு நூல்களிற் பூத்தது. கடலூரிலோ வினா-விடைத் தொகுப்பும் மனப்பாடமுமே எஞ்சின.

பிரபுவின் அளவுகோலை ஆங்கிலவழி வகுப்பிற்கு வைத்துப் பார்க்க. ஒளிச்சேர்க்கையும் பின்னமும் புரியாமொழியில் ஓதப்படும் இடத்தில், பாதிப்பேர்க்குப் பாதியேனும் விளங்குமா? பொருள் விளங்காதபோது உள்ளம் எதில் ஊன்றும்? ஒலிகளை உருப்போடுதல் ஒன்றே எஞ்சும். அங்கே அறிவியலும் வராது, ஆங்கிலமும் வராது, தமிழும் தேயும். குழந்தையின் உள்ளம் இயங்கும் மொழி தாய்மொழியே, ஆதலின் அதிற் கற்பித்தலே தக்கது என்று யுனெசுகோ அமைப்பு 1953லேயே அறிவித்தது. தாய்மொழியில் நன்கு வளர்ந்த எண்ணத்திறனே இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று 1979இல் சிம் கம்மின்சு என்னும் அறிஞர் விளக்கினார். தமிழை வலுவாகக் கற்பித்தல் ஆங்கிலத்திற்குத் தடை என்பார் இவற்றை எண்ணிப் பார்ப்பாராக.

செய்யவேண்டுவன சிலவே. ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் தமிழ் ஒலியியலும் தமிழ்-ஆங்கில இலக்கண ஒப்பீடும் கட்டாயத் தாளாதல் வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒன்றாய் அமர்ந்து மாணாக்கர் பிழைகளை வகைப்படுத்துதல் வேண்டும். இதற்கு அரசாணை வேண்டா, ஒரு குறிப்பேடு போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியலார் பள்ளியாசிரியர்க்கு எளிய தமிழில் ஒரு கைந்நூல் ஆக்கித்தருதல் வேண்டும். பிற பாடங்கள் அனைத்தும் தமிழிலேயே நடைபெறல் வேண்டும். ஆங்கிலம் ஒரு மொழிப்பாடமாக, ஆனால் உண்மையாகக் கற்பிக்கப்படல் வேண்டும்.

1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. அக்கொள்கையில் தமிழ் அடித்தளம்; ஆங்கிலம் பலகணி. அடித்தளத்தைப் பெயர்த்துப் பலகணி அமைப்பார் வீட்டையே இழப்பர். ஆங்கிலம் கற்பிக்க விழைவோர் முதற்கண் தமிழிலக்கணத்தைக் கையில் எடுக்க. நம் குழந்தையின் நாவில் ஏற்கெனவே வாழும் மொழியை மதித்தறியாதவர், வேறொரு மொழியை அந்நாவில் ஏற்ற இயலாது.