அவசரப்பட்டால் செல் பட்டினி!

ஹைட்ரஜன் காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஃப்யூயல் செல் முழு கரன்ட்டையும் உடனே தந்துவிடாது. ஹைட்ரஜனும் காற்றும் செல்லுக்குள் போய்ச் சேர சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் கரன்ட்டை இழுத்தால் செல் பட்டினி கிடக்கும். ஹைட்ரஜன் போதாவிட்டால் உள்ளிருக்கும் கார்பன் அரித்து, செல்லின் ஆயுளே குறையும்.

இதைத் தடுப்பது கன்வெர்ட்டர் கன்ட்ரோல். 2014-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் 370 செல்கள். ஒவ்வொன்றும் தருவது சுமார் 1 வோல்ட்டுக்கும் குறைவு. அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்கு அனுப்புவது கன்வெர்ட்டர். கரன்ட்டை எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்பதற்கு கன்ட்ரோல் சாஃப்ட்வேர் கடிவாளம் போடும். இடைப்பட்ட நொடிகளைச் சமாளிப்பது பேட்டரி.

பந்தியில் அடுத்த உலை வேகும்வரை அண்டாச் சோறு கைகொடுக்குமே, அப்படி! ஹைட்ரஜன் காருக்கு எதற்கு பேட்டரி என்று யாராவது கேட்டால், இனி நீங்களே சொல்லிவிடலாம்.