விருப்பமிருந்தால் கணக்குக் காட்டலாமாம்!

வெளிநாட்டுக்கு நூலோ துணியோ அனுப்புகிற ஊர்களையெல்லாம் ஒரு புதுக் காகிதம் தேடி வருகிறது. ராஜபாளையத்துப் பஞ்சாலைகளும், சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கட்டுத் துணி நெய்கிற விசைத்தறிக் கூடங்களும் அதற்கு விலக்கல்ல. "நீடித்த தன்மை அறிக்கை" என்று அந்தக் காகிதத்துக்குப் பெயர். ஆலை எவ்வளவு கரண்டு எரிக்கிறது, எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது, எத்தனை பேருக்கு வேலை தருகிறது, என்ன கூலி கொடுக்கிறது, எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதையெல்லாம் முதலாளி எழுதித் தர வேண்டும். எப்போது? அவருக்கு விருப்பமிருந்தால்!

பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயம், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு விருப்பம் என்பதே இன்றைய ஏற்பாடு. ஐரோப்பிய யூனியனின் அறிக்கை ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென ஒரு தனி மாதிரியைத் தயாரித்தது. அதைப் பின்பற்றலாம் என்று 2025 ஜூலை 30ந் தேதி ஐரோப்பியக் கமிஷன் சிபாரிசு செய்தது. நம் நாட்டில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, சந்தையில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள கம்பெனிகளுக்கு மட்டும் 2022-23 முதல் இத்தகைய அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கிற கம்பெனிகளின் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று முதலில் சொன்ன செபி, 2025 மார்ச்சில் பின்வாங்கி, அதையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

ஐரோப்பிய மாதிரியின் முதல் பகுதியில் பதினொரு தலைப்புகள் உண்டு. அவற்றில் எட்டும் ஒன்பதும் பத்தும் தொழிலாளியைப் பற்றியவை. நிரந்தரத் தொழிலாளி எத்தனை, தற்காலிகம் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை? வேலையில் விபத்து எத்தனை, சாவு எத்தனை? குறைந்தபட்சக் கூலி எல்லோருக்கும் கிடைக்கிறதா? சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் எத்தனை பேருக்குப் பொருந்தும்? நல்ல கேள்விகள்! மில் வாசலில் நின்று சங்கங்கள் பல்லாண்டு காலமாகக் கேட்டு வருகிற கேள்விகள். கேள்விகளோடு நமக்குச் சண்டை இல்லை. பதிலை எழுதுகிறவர் யார், அதைச் சரிபார்க்கிறவர் யார், பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதில்தான் சண்டை.

ஒரு நூற்பாலை முதலாளி இந்தக் காகிதத்தை எப்படி நிரப்புவார் என்று வாசகர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கட்டும். கரண்டுப் பக்கம் பிரமாதமாக இருக்கும். தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றுக்குக் காற்றாலைகள் சொந்தம் அல்லது பங்கு. அந்தக் கணக்கைப் படம் போட்டுக் காட்டுவார். அது மெய்யாகவும் இருக்கும். பிறகு தொழிலாளர் பக்கம் வரும். இங்கே பேனா தயங்கும். வெளி மாவட்டங்களிலிருந்தும் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் அழைத்து வந்து ஹாஸ்டலில் தங்க வைத்திருக்கிற பெண்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "கேம்ப் கூலி" என்று ஊரே அழைக்கிற அந்தப் பெண்கள் நிரந்தரமா, தற்காலிகமா, பயிற்சியாளரா? ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டிலும் சைடு பார்க்கச் சொன்ன நேரம் எந்தக் கணக்கில் சேரும்? பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி வருகிற இருமலை ஆலை விபத்து என்று எந்த நிர்வாகம் எழுதியிருக்கிறது?

மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டி, இடையில் வெளியேறினால் அதையும் மறுத்த சுமங்கலித் திட்டத்தை மேற்குத் தமிழகத்திலும் தென் தமிழகத்திலும் யாரும் மறந்துவிடவில்லை. அந்தத் திட்டம் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் அந்நிய வியாபாரக் கம்பெனிகள் "நன்னடத்தை விதி" வைத்திருந்தன. அவையும் விருப்ப விதிகளே. 2011லும் 2014லும் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தொழிலாளிகளையே நேரில் விசாரித்து அறிக்கை வெளியிட்ட பிறகே அந்த விதிகளின் சாயம் வெளுத்தது.

சான்றிதழை நம்பினால் என்ன நேரும் என்பதற்குக் கராச்சியே சாட்சி. அங்கே அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில் "எஸ்.ஏ. 8000" என்னும் சர்வதேச நற்சான்று கிடைத்தது. தொழிலாளர் பாதுகாப்பு நன்றாயிருக்கிறது என்பதற்கான விருப்பச் சான்று அது. சில வாரங்களே கழிந்தன. செப்டம்பர் 11ந் தேதி ஆலை தீப்பிடித்தது. ஜன்னல்களுக்குக் கம்பி, வாசல்களுக்குப் பூட்டு. 250க்கும் மேற்பட்டோர் உள்ளேயே மாண்டார்கள். சான்று மட்டும் செல்லுபடியாகவே இருந்தது.

சுற்றுப்புறத்தின் கதையும் வேறல்ல. நொய்யல் ஆற்றைத் திருப்பூர்ச் சாயக் கழிவு கொன்றதும், ஒரத்துப்பாளையம் அணை விஷத் தொட்டியானதும் நாடறிந்தவை. முதலாளிகள் தாமாக மனம் திருந்தியா கழிவுநீர் நின்றது? இல்லை. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே சுத்திகரிப்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் வந்தது. திடீரென்று மூடியதில் கூலியிழந்து தவித்தவர் தொழிலாளிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்கூட்டியே சட்டத்தை ஒழுங்காக அமல் நடத்தியிருந்தால் அந்தத் தவிப்பும் நேர்ந்திராது.

இனி, "சிறு, நடுத்தரம்" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1ந் தேதி முதல் மத்திய சர்க்காரின் வரையறைப்படி 125 கோடி ரூபாய் வரை இயந்திர முதலீடும் 500 கோடி வரை விற்றுமுதலும் உள்ள கம்பெனி "நடுத்தரம்". சத்திரப்பட்டியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சில தறிகளை வைத்து, இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசக் கரண்டைக் கணக்குப் பார்த்து ஓட்டி, கொடுத்த நூலை நெய்து கூலி வாங்குகிறவரும் இதே குடையின் கீழ்தான்! யானைக்கும் எலிக்கும் ஒரே பட்டியல். "சிறுதொழிலை வதைக்காதீர்கள்" என்று நானூறு கோடிக்காரர் அழுகிறபோது, அந்தத் தறிக்காரரின் கண்ணீரைக் கடன் வாங்கி அழுகிறார்.

தறிக்காரரின் கஷ்டம் மெய்யானது. கட்டுத்துணிக்கு விலை வைக்கிறவர் அவரல்ல; வாங்குகிறவர். அந்நியக் கம்பெனி ஏற்றுமதியாளரிடம் காகிதம் கேட்கும். ஏற்றுமதியாளர் வியாபாரியிடம் கேட்பார். வியாபாரி தறிக்காரரிடம் கேட்பார். காகிதம் நிரப்ப ஆலோசகருக்குக் கொடுக்கிற பணம் கடைசியில் மீட்டருக்கு இத்தனை காசு என்ற நெசவுக் கூலியிலிருந்தே பிடிபடும். பெரிய கம்பெனிகள் சின்னவர்களிடம் இந்த மாதிரியில் உள்ளதற்கு மேல் கேட்கக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு பேசுகிறார்கள். நல்லது. கேட்கிறவனே செலவையும் கொடுக்க வேண்டும் என்று ஏன் பேசுவதில்லை?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுகிறவரிடம் கரியமில வாயுக் கணக்குக் கேட்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஊரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு, கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. 1983ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டப்படி அவற்றின் கணக்கை சர்க்கார் தணிக்கையாளர் பார்க்கிறார். அங்கத்தினர் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கிற விவசாயி எழுந்து கேள்வி கேட்கலாம். அந்த ஏற்பாட்டில் ஊழலே இல்லை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கேட்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. பாலூற்றுகிறவருக்கு உள்ள உரிமை பஞ்சாலையில் நூல் இழுக்கிற பெண்ணுக்கு ஏன் இல்லை?

இந்த விருப்பக் காகிதம் எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பயன்படுத்துகிற கூடம் "தொழிற்சாலை" ஆக முன்பு 10 தொழிலாளிகள் போதும். இப்போது 20 வேண்டும். விசைத்தறிக் கூடங்களில் எத்தனை இதனால் சட்டத்தின் கண்ணிலிருந்து மறையும்! இன்ஸ்பெக்டருக்கு "உதவியாளர்" என்ற வாலும் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லுமாம். இன்ஸ்பெக்டர் வருவது குறையக் குறைய, முதலாளி தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் நற்சான்று பெருகுகிறது. இரண்டையும் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

"கட்டாயப்படுத்தினால் ஆர்டர் வேறு நாட்டுக்கு ஓடிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். 2013 ஏப்ரல் 24ந் தேதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட வியாபாரக் கம்பெனிகள், சங்கங்களோடு சேர்ந்து, கோர்ட்டில் நிற்கக்கூடிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஆர்டர் ஓடவில்லை, வங்கத்தின் ஆடை ஏற்றுமதி பெருகியது. அவ்வளவு தூரம் போவானேன்? திண்டுக்கல் மாவட்டத்தில் 2021 ஜனவரியில் 20 வயதுத் தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். அவர் வேலை செய்த ஆலையின் மேற்பார்வையாளரே கைதானார். பெண்கள் தலைமையிலான சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்டு எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் கண்டது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். நிர்வாகம் மீறினால் வாங்குகிற கம்பெனி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அங்கே பொய் எழுதுவது அவ்வளவு சுலபமல்ல; பக்கத்து மெஷினில் நிற்கிறவள் படித்துவிடுவாள்.

எனவே நமது கோரிக்கை காகிதத்தைக் கிழிக்க வேண்டும் என்பதல்ல. நடுத்தரம் என்ற பெயரில் நிற்கிற ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கு. தொழிலாளர் பக்கங்களில் சங்கத்தின் கையெழுத்தில்லாமல் செல்லாது என்று ஆக்கு. பொய் எழுதினால் வழக்குப் போடு. சின்னத் தறிக்காரருக்குச் செலவை வாங்குகிறவன் தலையில் வை.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த எட்டும் ஒன்பதும் பத்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள சங்கங்கள் அவற்றைத் தமிழிலும், ஹாஸ்டல் பெண்களுக்காக ஒடியாவிலும் இந்தியிலும் அச்சடிக்கட்டும். ஷிப்டு மாறும் நேரத்தில் விநியோகித்து, பதிலைத் தொழிலாளர் வாயாலேயே எழுதி வாங்கட்டும். நிர்வாகம் அந்நியக் கம்பெனிக்கு அனுப்புகிற முகவரிக்கே நாமும் அனுப்புவோம்.