எருதுக்கும் பதிவு: எவர் செலவில்?

கன்றீனும் பசுவையும் இனவிருத்திக்கெனத் தெரிந்தெடுத்த காளையையும் பதிவேட்டிற் பொறிக்க வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. நலமடித்த எருதையும், இறைச்சிக்கென வளரும் நாம்பன் கன்றையும், ஈற்று நின்ற கிழப் பசுவையும் பதிவு செய்ய வேண்டுமா என்பதே கேள்வி. பத்து மாடு வைத்திருப்போர் அதற்குப் பணத்தையும் நாளையும் செலவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது யாது? இதற்கு விடை கூறாது பதிவின் பெருமையை மட்டும் பேசுவது, விலையைச் சொல்லாமற் பண்டத்தை விற்பது போன்றதாகும்.

பதிவு என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று வமிசப் பதிவு. மற்றது உடைமைப் பதிவு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை இவ்விவாதம் முடிவு காணாது.

வமிசப் பதிவு இங்கிலாந்திற் கால்கொண்டது. ஜோர்ஜ் கோட்ஸ் என்பவர் 1822ஆம் ஆண்டில் ஷோர்ட்ஹோர்ன் இன மாடுகளின் வமிசாவளியை நூலாக வெளியிட்டார். பிற இனங்களை வளர்த்தோரும் பின்னர் அவ்வழியே சென்றனர். தாய் எது, தந்தை எது என்ற அத்தாட்சி காளையின் விலையை உயர்த்தும்; நல்ல கன்றை விரும்புவோர் அவ்விலையைக் கொடுப்பர். எருதோ கன்று தருவதில்லை. அதன் பாட்டனின் பெயரை அறிந்து எவர் கூடுதல் விலை கொடுப்பர்? இன்ன இனத்தின் இறைச்சி எனப் பெயர் சொல்லி விற்கும் சந்தை உள்ள நாடுகளில் ஓரளவு இலாபம் உண்டு. அத்தகைய சந்தை இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

ஒரு காளையின் தரத்தை மதிப்பிட அதன் ஆண் கன்றுகளின் வளர்ச்சியும் கணக்கில் வரவேண்டும் என ஆராய்ச்சியாளர் கூறுவர். அது மெய்யே. பெண் கன்றுகளை மட்டும் எழுதிவைத்தால் பாதிக் கணக்கே கிடைக்கும். ஆயின் அக்கணக்கினால் முதலிற் பயனடைவோர் காளையை விற்பவரும் ஆராய்ச்சி நிலையத்தாருமே. பயனடைவோரே கட்டணத்தையும் செலுத்தட்டும். சிறு வளர்ப்பாளர் தம் எருதுக்கு வமிசப் பதிவு தேடுவது கைப்பொருளை வீணாக்குவதே என்பது நமது துணிபு.

உடைமைப் பதிவு இதனின் வேறானது. இந்த மாடு இன்னாருடையது, இன்ன இடத்திற் பிறந்தது, இன்ன இடத்துக்குச் சென்றது என்பதே அதன் உள்ளடக்கம். இங்கே எருதுக்கும் பசுவுக்கும் வேற்றுமை பாராட்ட இயலாது. பிரித்தானியா கற்ற பாடம் இது. மாட்டின் மூளையை அழிக்கும் நோய் இறைச்சி வழியாக மனிதரையும் பற்றியிருக்கக்கூடும் என 1996 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்ததும் இறைச்சிச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் கடவுச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1998இல் கணனிப் பதிவும் தொடங்கியது. நலமடித்த மாடுகளை விட்டுவிட்டுப் பசுக்களை மட்டும் எழுதிய பதிவேடு, இறைச்சி உண்போரின் ஐயத்தை எவ்வாறு தீர்த்திருக்கும்?

ஆகவே உடைமைப் பதிவு வேண்டும். இனி எஞ்சுவது செலவு. இதில் உலக நாடுகள் ஒரே வழியிற் செல்லவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய கால்நடை அடையாளத் திட்டம், சிறு பண்ணையாளரின் கடும் எதிர்ப்பினால் 2010இற் கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மாடுகள் சிலவற்றுக்கு மின்னணுக் காதுத் தகட்டைக் கட்டாயமாக்கியது. காட்சிக்கோ போட்டிக்கோ செல்லாத நலமடித்த இறைச்சி மாடுகளை விலக்கிவைத்தது. உருகுவே நாடோ 2006 முதல் எல்லாக் கன்றுகளையும் பதிவுக்குட்படுத்தியது. தகட்டை அரசே இலவசமாக வழங்கியது. இறைச்சி ஏற்றுமதியால் நாடு முழுவதும் பயனடைகையிற் செலவை நாடே தாங்குவது நீதியன்றோ? இந்தியாவிலும் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த காதுத் தகடு தடுப்பூசித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. எண்ணை ஏற்ற மாட்டுக்கு ஊசியும் கிடைத்தது.

இவற்றை எம் நிலத்தோடு பொருத்திப் பார்ப்போம். மட்டக்களப்பிலும் வன்னியிலும் பட்டி மாடுகள் கட்டுத்தறியில் நிற்பவையல்ல. வயல்களில் விதைப்புத் தொடங்கியதும் தொலைவிலுள்ள மேய்ச்சற்றரைக்கு ஓட்டப்படுபவை. பட்டிக்காரர் தத்தமக்குரிய குறியைச் சுட்டு மாட்டை அடையாளமிட்டனர். அக்குறியே அவர்களின் பதிவேடு. அதிற் பசு, எருது என்ற பேதம் இருந்ததில்லை. களவு போவதற்கும் அப்பேதம் இல்லையன்றோ? 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் மாட்டை ஏற்றிச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும் என்கின்றது.

காதை அறுத்தெறியும் கள்வனுக்குத் தகடு தடையாகுமா எனச் சிலர் கேட்பர். தகடு மட்டும் தடையாகாது. குறியும் எண்ணும் ஒரே ஏட்டில் இருந்து, எண்ணில்லாத மாட்டை ஏற்ற எவருக்கும் அனுமதிச் சீட்டு இல்லை என்றால், அறுத்த காதே களவுக்குச் சாட்சியாகும்.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரையில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்துப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் மடிந்தன என முறையிட்டனர். மடிந்தது பசுவாயினும் நாம்பனாயினும் இழந்தவருக்கு இழப்பே. ஆனால் இழப்பீடு கேட்டு நிற்பவரிடம் அதிகாரி முதலிற் கேட்பது, ‘உமது மாடு என்பதற்கு அத்தாட்சி எங்கே?’ என்பதுதான். பதிவுள்ள பசுவுக்கு விடை உண்டு. பதிவில்லாத நாம்பனுக்கு இல்லை. 2020இல் வடக்கிற் பரவிய தோற்கழலை நோயும் எருதென்று ஒதுங்கிச் செல்லவில்லை.

எனினும், பயன் உண்டு என்பதனால் எச்சுமையையும் உழவர்மேல் ஏற்றலாம் என்பதாகாது. காட்டில் மேயும் நாம்பனை வளைத்துப் பிடித்துக் கட்ட நாலு பேரின் ஒரு நாட் கூலி வேண்டும். கட்டணத்தை இலவசமாக்கி, மாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவா என்றால், ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதாகும். மேலும், பட்டியல் என்றதும் அஞ்சும் அனுபவம் எம் மக்களுக்கு உண்டு. இன்று எண்ணுவது நாளை வரி விதிப்பதற்கோ, மேய்ச்சல் உரிமையைக் குறைப்பதற்கோ என ஐயுறுவோரைப் பழிப்பதற்கில்லை. அவ்வையத்தை அகற்றும் பொறுப்பு பதிவேட்டை நடத்துவோரையே சாரும்.

எனவே நாம் வேண்டுவன நான்கு. எருது, நாம்பன், கிழப் பசு யாவற்றுக்கும் உடைமைப் பதிவு கட்டணமின்றி நடைபெறல் வேண்டும். மிருக வைத்தியர் தடுப்பூசியோடு பட்டிக்கு வரும் அந்நாளிலேயே அதுவும் முடிதல் வேண்டும். பதிவுச் சீட்டு தமிழில் அமைந்து, களவு வழக்கிலும் இழப்பீட்டு விசாரணையிலும் உடைமைக்குச் சான்றாக ஏற்கப்படல் வேண்டும். அவ்வேடு வரி விதிப்பதற்குப் பயன்படாது எனச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். கால்நடை வளர்ப்பை மாகாணத்துக்குரிய விடயமென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் வகுத்துள்ளது. தமிழும் அரச கரும மொழியென்று கூறியதும் அத்திருத்தமே. இவற்றை நிறைவேற்ற அதிகாரம் இல்லை என்று எவரும் கைவிரிக்க இயலாது.

சட்டம் அறிந்த எம் கற்றோர் இக்கோரிக்கைகளை ஒழுங்காக எழுதிக் கொடுக்கட்டும். பட்டிக்காரர் சங்கமாகத் திரண்டு அவற்றை முன்வைக்கட்டும். உரிமையைத் தரும் பதிவாயின் ஒரு நாட் கூலியை இழந்தேனும் எம் உழவர் அதனை ஏற்பர். கணக்கை மட்டும் கேட்டு உரிமையை மறுக்கும் பதிவாயின் ஒரு சதமும் அதற்குக் கொடுக்க வேண்டுவதில்லை.