விலையை நிர்ணயிப்பவர் யார்?

வெங்காயம் விலையேறினால் பட்டினத்தில் கூக்குரல் எழுகின்றது. விலை வீழ்ந்தால் கிராமத்தில் கண்ணீர் பெருகுகின்றது. கூக்குரல் அமைச்சர்களின் செவிகளில் உடனே விழுகின்றது. கண்ணீரோ வலிகாமத்துச் செம்மண்ணிலேயே சுவறிவிடுகின்றது. விலை என்பது யாது, அதனை நிர்ணயிப்பவர் யாவர் என்பதை எமது வாசகர்கள், உத்தியோகத்தராயினும் கமக்காரராயினும், ஒருமுறை நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும்.

"வியாபாரிதான் விலையை ஏற்றுகிறான்" என்பது எங்கும் கேட்கும் பேச்சு. வியாபாரிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: விலை ஏற்றும் வல்லமை அவனிடமே முழுவதும் இருக்குமாயின், அறுவடைக் காலத்தில் அவனும் ஏன் மலிவாக விற்கின்றான்? சந்தைக்கு வந்த பொருளின் அளவும், அதனை வாங்க வந்தோரின் தேவையும் சந்திக்கும் இடத்திலேயே விலை நிற்கின்றது. பொருள் குறைந்தால் விலை ஏறும். பொருள் மிகுந்தால் விலை இறங்கும்.

வெங்காயத்தில் இவ்விதி சற்றுக் கொடுமையாகவே தொழிற்படுகின்றது. விலை பாதியாகிவிட்டது என்பதற்காக எந்த வீட்டிலும் கறிக்கு இருமடங்கு வெங்காயம் போடுவதில்லை. விலை இரட்டித்தாலும் முற்றாக விட்டுவிடுவதுமில்லை. ஆகவே, சந்தைக்கு வரும் பொருள் சிறிது கூடினாலும் விலை பெரிதும் சரிகின்றது. ஓராண்டு நல்ல விலை கிடைத்தால் மறுபோகத்தில் அயலவர் எல்லோரும் வெங்காயமே நடுகின்றனர். எல்லோரும் ஒரே வாரத்தில் கிண்டுகின்றனர். விலை வீழ்கின்றது. அடுத்த போகம் பலர் கைவிடுகின்றனர். விலை மீண்டும் ஏறுகின்றது. இது எவருடைய சூழ்ச்சியுமன்று. நேற்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை நடுவதன் விளைவு.

இறக்குமதியும் இத்துலாக்கோலின் ஒரு தட்டேயாகும். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் செழித்தன. படித்த வாலிபர்களும் மண்வெட்டி எடுத்தனர். விசுவமடு, முத்தையன்கட்டுத் திட்டங்களில் மிளகாய் விளைந்தது. அதே வேளையில், வாங்கி உண்போர் பட்ட இடரையும் நாம் மறைத்தல் ஆகாது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கதை மாறிற்று. மண்ணும் கிணறும் உழைத்த கைகளும் அவையேதான். மாறியது துறைமுகத்தில் இறங்கிய பொருளின் அளவே.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இதன் மறுபக்கத்தைக் கண்டோம். பெரிய வெங்காயத்துக்கு அந்நாட்டை நம்பியிருந்த எமது சந்தைகளில் விலை பாய்ந்தேறியது. அயல்நாடு தன் மக்களின் அடுக்களையை முதலில் நினைத்தது, அதில் வியப்பில்லை. எமது அரசு எமது தோட்டத்தை நினைத்ததா என்பதே கேள்வி.

சட்டத்தால் விலையை அடக்கிவிடலாம் என்போர் 2021ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் அவசரகால விதிகள் பிறந்தன. அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. அவ்விலையில் அரிசியைக் கண்டவர் சிலரே. செப்டம்பர் முடியுமுன் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலைப்பட்டியலை எழுதுதல் எளிது. ஒரு மூடை நெல்லை எழுதி உண்டாக்க முடியாது.

அப்படியாயின் யாவற்றையும் சந்தையிடமே விட்டுவிடலாமா? அதுவுமன்று. 100 கிலோ கொண்டுசென்ற கமக்காரனிடம் 10 கிலோவைக் 'கழிவு' என்று பிடித்துக்கொண்டு 90 கிலோவுக்கே பணம் எண்ணும் வழக்கம் எமது சந்தைகளில் நெடுங்காலம் நிலவியதை யாவரும் அறிவர். அது தேவையும் விளைவும் நிர்ணயித்த விலையன்று. பொருளைத் திரும்பக் கொண்டுபோக இயலாதவனின் பலவீனம் நிர்ணயித்தது. பேரம் நியாயமாவதற்கு இருவருக்கும் "வேண்டாம்" என்று சொல்லும் வலிமை இருத்தல் வேண்டும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, இறக்குமதித் தீர்வை நடுகைக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட அறவீட்டுச் சட்டம், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினாலேயே அறவீட்டை மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. நட்ட பின் விதியை மாற்றினால், கமக்காரன் செய்வது கமமாகாது, சூதாட்டமாகும். இரண்டாவது, கூட்டுறவுச் சங்கங்கள் காற்றோட்டமுள்ள களஞ்சியங்களை அமைத்தல் வேண்டும். இரண்டு மாதம் வைத்திருக்கக் கூடியவன் கிண்டிய அன்றே விற்கத் தேவையில்லை. வாங்குவோருக்கும் பின்னர் தட்டுப்பாடு குறையும். மூன்றாவது, எந்தப் பிரிவில் எத்தனை பரப்பு நடப்பட்டது என்னும் கணக்குப் பயிர் மண்ணில் இருக்கும்போதே ஊரறிய வெளியிடப்படல் வேண்டும். இதிலே படித்த உத்தியோகத்தர் ஆற்றவேண்டிய பணி பெரிது.

விலை ஒரு செய்தி. அதனை அடித்துத் திருத்த முயல்வோர் தோல்வியே காண்பர். அதனை முன்கூட்டி அறிந்து நடக்க வழிசெய்வோரே கமக்காரனையும் காப்பர், அவன் விளைவித்ததை உண்போரையும் காப்பர்.