சிறிய விசைப்பலகையும் இந்திய எழுத்துக்களும்

கணிப்பொறியின் முழு விசைப்பலகையில் சாதாரணமாக 104 விசைகள் உண்டு. வலப்புறத்து எண் விசைகளையும், மேல் வரிசையையும், அம்புக்குறி விசைகளையும் நீக்கிச் சுமார் 60 விசைகளுடன் அமைக்கப்பட்ட சிறிய பலகைகள் இப்போது பரவி வருகின்றன. பையில் அடங்குவதால் வெளியூர் சென்று பணியாற்றும் ஊழியர்களுக்கும், மேஜையில் சிறிதளவு இடமே கொள்வதால் பள்ளிகளுக்கும் இவை சௌகரியமானவை. நீக்கப்பட்ட விசைகளின் வேலையைத் துணைவிசை ஒன்றையும் சேர்த்து அழுத்திச் செய்துகொள்ள வேண்டும். இது கைப்பழக்கத்தால் வரக்கூடியதே.

எனினும், மனிதன் எந்த அளவுக்கு யந்திரத்திற்கு இணங்கிப் போகலாம் என்ற கேள்வி இங்கு எழுகின்றது. இதற்கு விடை காணத் திருவனந்தபுரத்தின் அனுபவம் ஒன்று பெரிதும் உதவும்.

தட்டெழுத்துப் பொறியில் ஒரு விசைக்கு இரண்டு வடிவங்களே அமையும். ஆதலின் அதில் தொண்ணூறு வடிவங்கள் அளவுக்கே இடமுண்டு. மலையாள அச்சிலோ கூட்டெழுத்துக்கள் உட்பட ஏறத்தாழ 900 வடிவங்கள் வழங்கின. இந்த இடர்ப்பாட்டை நீக்கக் கருதிய கேரள அரசு, சூரநாடு குஞ்ஞன்பிள்ளை தலைமையில் அமைந்த குழுவின் ஆலோசனையைத் தழுவி, 1971 மார்ச் 23இல் ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் சீர்திருத்த எழுத்து நடைமுறைக்கு வந்தது. மெய்யோடு இணைந்திருந்த உகர, ஊகாரக் குறிகள் பிரித்து எழுதப்பட்டன. கூட்டெழுத்துக்கள் பலவும் சந்திரக்கலையிட்டுப் பிரிக்கப்பட்டன.

அன்றைய பொறிக்கு அது தக்க பரிகாரமே. ஆனால் கணிப்பொறியில் விசை வேறு, வடிவம் வேறு. விசைகள் ஒலிகளைத் தெரிவிக்க, அவற்றைக் கூட்டி வடிவமாக்கும் வேலையை எழுத்துருவே செய்துவிடுகிறது. 1999இல் தொடங்கிய ரசனா இயக்கம், பழைய வடிவங்கள் அனைத்தையும் கணிப்பொறியில் அமைக்கலாம் என்று நிறுவியது. எழுத்தைக் குறைக்கச் செய்த காரணம் முப்பது ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. குறைக்கப்பட்ட எழுத்தோ பாடநூல்களில் வேரூன்றிவிட்டது.

சிறிய பலகையிலும் இத்தகைய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1986இல் வகுத்த இன்ஸ்கிரிப்ட் முறையில், ஆங்கிலத்தின் அரைப்புள்ளி விசையில் ‘ச’வும், மேற்கோள் விசையில் ‘ட’வும், சாய்கோட்டு விசையில் ‘ய’வும் அமைந்துள்ளன. தமிழ்99 முறையிலும் அம்மூன்று விசைகளில் முறையே ‘ந’, ‘ய’, ‘ழ’ ஆகியவை வருகின்றன. பலகையைச் சுருக்குவோர் சிலர் கைவைப்பது இந்த வலப்புற ஓரத்திலேதான். அங்குள்ள விசைகள் சில பலகைகளில் இடம் மாறுகின்றன, சிலவற்றில் ஒடுங்குகின்றன, வேறு சிலவற்றில் துணைவிசையோடு சேர்த்து அழுத்தினாலன்றிக் கிடைப்பதில்லை. ஆங்கிலம் எழுதுவோருக்கு இதனால் நேரும் நஷ்டம் ஒரு நிறுத்தக்குறி. தமிழ் எழுதுவோருக்கோ ஒரு முழு எழுத்து. ‘ட’ இன்றி ஒரு வாக்கியம் முடிப்பதும் அரிது.

ஆகவே, பலகை வாங்கும் அலுவலகங்களும் பள்ளிகளும் விலையையும் எடையையும் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. வலப்புற ஓரத்து விசைகள் தத்தம் இடத்தில், முழு அளவில், தனித்து இயங்குகின்றனவா என்று முதலில் சோதித்தல் வேண்டும். அவ்வாறு அமைந்த பலகையாயின், அதில் பழகுவதற்குத் தயங்க வேண்டுவதில்லை. ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒரே முறையை, விசையைப் பாராமல் அடிக்கும் வண்ணம் பயிற்றுவித்தல் நலம். இன்ஸ்கிரிப்டில் மலையாளத்துக்கும் தமிழுக்கும் ஒரே ஒலிக்கு ஒரே விசை. இரு மொழியும் வழங்கும் திருவனந்தபுரம் போன்ற நகரில், ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றதற்கும் உதவும்.

விரல்கள் புதிய பலகைக்குப் பழகிக்கொள்ளலாம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. யந்திரத்தின் பொருட்டு எழுத்தே சுருங்குமாயின், அந்த யந்திரம் வழக்கொழிந்த பின்னரும் இழப்பு எஞ்சி நிற்கும்.