வலென்சியாவுக்குப் போய்க் குழியில் பந்து போடப்போகும் என் பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

88-ம் வருஷம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன்களுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. அதைக் கொண்டாட ஏழு பேர் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் கூடப்போகிறார்கள். ஐந்து நாள் பயணம், அதில் நான்கு நாள் கோல்ஃப். என் அண்ணன் மகனும் அந்த ஏழில் ஒருவன். வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருப்பதால் திட்டம் முழுவதையும் படித்தேன். விமான டிக்கெட், மைதானக் கட்டணம், மட்டை வாடகை, எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு ஆட்டம் என்று எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். வலென்சியா என்கிற ஊரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "கடைசி நாள் சாயங்காலம், நேரம் இருந்தால், சிட்டி டூர்."

நேரம் இருந்தால்! அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் காசு, உங்கள் லீவு. போகாதே என்று நான் சொல்லவில்லை. கோல்ஃபுக்காக அந்த ஊருக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நான் வலென்சியாவைப் பார்த்ததில்லை, படித்தும் காணொளி பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். ஆனாலும் அங்கே என்ன இருக்கிறது என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரிகிறது. இது எனக்குப் பெருமையில்லை, உங்களுக்குத்தான் குறை.

அங்கே துரியா என்று ஒரு ஆறு. அதிலிருந்து பிரியும் எட்டு கால்வாய்கள் ஊரைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் பாய்கின்றன. அரேபியர் ஆண்ட காலத்திலிருந்து தொடரும் பாசனம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் 12 மணிக்கு, பெரிய தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், கால்வாய்க்கு ஒருவர் வீதம் எட்டு விவசாயிகள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். அந்தந்தக் கால்வாய் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஆட்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம். முறை தப்பித் தண்ணீர் எடுத்தவன், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவன், பக்கத்து வயலை முழுக அடித்தவன் எல்லாரும் அங்கே வந்து நிற்க வேண்டும். வக்கீல் கிடையாது, கட்டுக்கட்டாகக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. யார் பேசலாம் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுவாராம். குற்றம் சாட்டப்பட்டவன் எந்தக் கால்வாய்க்காரனோ, அந்தக் கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. பல வியாழக்கிழமைகளில் வழக்கே இருப்பதில்லை. உட்கார்ந்து, கால்வாய்களின் பெயரைக் கூப்பிட்டு, எழுந்து போய்விடுவார்கள். அதுவும் ஒரு செய்திதான்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லாக் கால்வாய்க்கும் அவரவர் பங்கு விகிதப்படியே குறையும். தலைமடைக்காரன் முழுசாகப் பாய்ச்சிக்கொண்டு கடைமடைக்காரனைக் காயவிட முடியாது.

ஏலே, தலைமடை, கடைமடை என்ற வார்த்தையை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? உங்களில் நாலு பேர் வீட்டுக்குக் குளத்துப் பாசனத்தில் வயல் இருந்தது. மேற்கே மலையில் பெய்வது கால்வாயில் வந்து, ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். மடையைத் திறந்து அடைக்க ஒரு ஆள் இருப்பார். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றால் பண்ணையாரும் வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்கு அந்த வேலை பல ஊர்களில் இல்லை. மடைக்கதவு துருப்பிடித்து நிற்கிறது, வாய்க்காலில் வீடு நிற்கிறது. நாம் கைவிட்ட அதே காரியத்தை இன்றும் செய்துகொண்டிருக்கிற ஊருக்குப் போகிறீர்கள். போய், அதைப் பார்க்காமல் புல்லில் பந்து உருட்டப் போகிறீர்கள்.

திட்டத்தில் முதல் நாளுக்கு எழுதியிருக்கிற எல் சலேர் மைதானத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்குத் தெற்கே, கடலுக்கும் அல்புஃபேரா ஏரிக்கும் நடுவில் மணல்மேடும் பைன் மரக்காடும் உள்ள இடம். 1968-ல் அங்கே கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். பிறகு அந்தக் கரை முழுவதையும் ஓட்டலும் அடுக்குமாடியுமாக ஆக்கத் திட்டம் ஓடியது. எழுபதுகளில் வலென்சியா மக்கள், எல் சலேர் மக்களுக்கே என்று கிளம்பி அதைத் தடுத்தார்கள். 1986-ல் ஏரியும் சுற்றுப்புறமும் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஏரியைச் சுற்றி நெல்வயல்! பயேயா என்கிற அவர்களுடைய சோறு அந்த மண்ணில் பிறந்ததுதான். வாசுதேவநல்லூர்க்காரன் ஐரோப்பாவில் நெல்வயலைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா? அவன் பக்கத்தில் குழியைத் தேடிக்கொண்டிருப்பானாம்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 2023 ஜூலையில் ஸ்பெயினில் வறட்சி. சூழல் போராளிகள் வலென்சியா உட்படப் பல இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாக கோல்ஃப் குழிகளை அடைத்தார்கள். ஒரு குழியைச் சுற்றியுள்ள புல்லுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 18 குழிக்கு 18 லட்சம். கூட்டிச் சொல்கிறார்கள் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், 9 லட்சம். நம் அரசு கிராமத்தில் ஒரு ஆளுக்கு வைத்திருக்கும் குடிநீர் அளவு நாளுக்கு 55 லிட்டர். வகுத்துப் பாருங்கள், 16,000 பேருக்கு மேல் வரும். அதற்கு முந்தைய வருஷம் பிரான்சில் துலூஸ் பக்கம் இதைவிடக் கூத்து. ஜனங்கள் கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் தடை இருந்தபோது கோல்ஃப் புல்லுக்கு மட்டும் விலக்கு. அங்கே குழியில் சிமென்டையே ஊற்றிவிட்டார்கள். அடுத்தவர் இடத்தில் சிமென்ட் ஊற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.

ஒரு தம்பி நேற்றே போனில் சொன்னான்: "சார், இப்பல்லாம் கழிவுநீரைச் சுத்தம் பண்ணித்தான் புல்லுக்கு விடுறாங்க." பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் தம்பி, சுத்தம் செய்த தண்ணீர் நெல்லுக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் ஆகாதா? அது எங்கே போகிறது என்பதிலும் தலைமடை, கடைமடை இருக்கிறது. நிலமும் அப்படித்தான். 18 குழி மைதானம் பொதுவாக 100 ஏக்கருக்குக் குறையாது. நம் மாநிலத்தில் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளத்தைத்தான் பஞ்சாயத்து யூனியன் குளம் என்கிறோம். ஒரு குளத்து ஆயக்கட்டு முழுவதையும் எடுத்து, ஒரு நேரத்தில் நாலு நாலு பேராக நடந்து போக விட்டிருக்கிறார்கள். இதில் நம்மை விளையாட்டுப் பிடிக்காத கிழவன் என்கிறார்கள். கபடி ஆட எவ்வளவு இடம் வேண்டும்?

வெளிநாட்டுக்காரனை மட்டும் சொல்ல வேண்டாம். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு 1945-ல் 99 வருஷக் குத்தகை, சுமார் 160 ஏக்கர், வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. உள்ளே கோல்ஃப் மைதானம். அந்த வாடகைக்கு இன்று கிண்டியில் ஒரு நாள் பைக் நிறுத்த இடம் கிடைத்தால் பெரிது. அரசு 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு வழக்குகள். மழை வெள்ளம் வேளச்சேரிப் பக்கம் போகாமல் பிடித்து வைக்க அந்தத் திடலில் குளம் வெட்டினார்கள். கோல்ஃப் திடலில் குளம்! எனக்கு வாசிக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"கோல்ஃப் ஆடினால்தான் பெரிய ஆட்களோடு பழக முடியும், வியாபாரம் அங்கேதான் பேசுவார்கள்" என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். இருக்கலாம். அதை நீ வேலை பார்க்கிற ஊரிலேயே ஆடு. ஆனால் இந்தப் பயணத்தில் வரும் ஏழு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மதியச் சத்துணவுத் தட்டைப் பகிர்ந்து தின்றவர்கள். உங்களுக்குள் யாரிடம் யார் வியாபாரம் பேசப் போகிறீர்கள்?

இன்னொன்று, 2024 அக்டோபர் 29-ம் தேதி வலென்சியா பகுதியில் வெள்ளம் வந்து 220 பேருக்கு மேல் செத்தார்கள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டிருந்ததால் நகரம் தப்பியது. அதற்குத் தெற்கே இருந்த சின்ன ஊர்கள் மாட்டின. பழைய ஆற்றுப்படுகையில் நெடுஞ்சாலை போடப் பார்த்தபோது ஜனங்கள் மறுத்து, பூங்கா கேட்டு வாங்கினார்கள். ஒன்பது கிலோமீட்டர் நீளம், நடக்கக் காசு கிடையாது. உங்கள் சர்க்கரைக்கு அந்த நடை போதும்.

ஆகவே திட்டத்தை இப்படி மாற்றுங்கள். புதன்கிழமை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். வியாழன் பதினொன்றரைக்கே தேவாலய வாசலுக்குப் போய்விடுங்கள், கூட்டம் இருக்குமாம். வெள்ளி அல்புஃபேரா, நெல்வயல். சனி ஆற்றுப்படுகை. ஞாயிறு, அழுதுவிடுவீர்கள் என்றால், ஒரே ஒரு நாள் கோல்ஃப் ஆடிக்கொள்ளுங்கள். மிச்சமாகும் மூன்று நாள் மைதானக் கட்டணத்தை என்ன செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப்பக்கம் எந்தக் குளத்தில் எந்த மடை உடைந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புவேன்.

மைதானத்துக்கு முன்பணம் கட்ட ஞாயிற்றுக்கிழமை கடைசி என்று குழுவில் பார்த்தேன். அதற்குள் பதில் போடுங்கள். கமென்ட்டில் சண்டை போடலாம், தடையில்லை. தங்கிலீஷ் மட்டும் வேண்டாம்; தமிழில் எழுதினால் எழுத்துப்பிழையையும் சேர்த்துத் திருத்தித் தருகிறேன்.